தறி நின்ற மூன்று நாள்

இசைவிழா நடத்தலாமா வேண்டாமா என்று காரோடை நகராட்சி இரண்டு மாதம் அடித்துக்கொண்ட கதையைச் சொல்வதென்றால், ஐப்பசி மாதத்து ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பதினொரு மணி வரை ஊரிலுள்ள ஆறாயிரம் விசைத்தறிகளும் ஒன்றுபோல நின்ற அந்த ஒரு மணி நேரத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அதற்கு முன்னால் எங்கள் ஊரில் அமைதி என்று ஒன்று இருந்ததே இல்லை. கரண்ட் போனால் நிற்குமே என்று கேட்பீர்கள். கரண்ட் எங்களுக்குத் தெருத்தெருவாகப் போகும், கிழக்குத் தெரு நிற்கும்போது மேற்குத் தெரு ஓடும். வேலைநிறுத்தம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள், தைப்பொங்கல் அன்று பானை பொங்குகிற நேரத்தில்கூடப் பின்கட்டில் நாலு தறியை விட்டுவைக்கிற கஞ்சர்கள் இருந்தார்கள். தறி வந்து ஐம்பத்து மூன்று வருஷத்தில் எல்லாம் சேர்ந்து நின்ற நிமிஷம் ஒன்றுகூடக் கிடையாது.

நிறுத்தச் சொன்னது இசைவிழாக் குழுவின் செயலாளர் நாச்சிமுத்து. பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருப்பவர், வலது கை முழங்கைக்குக் கீழே இல்லாதவர், பக்கத்துப் பெரிய நகரத்தில் எங்கே கச்சேரி என்றாலும் பஸ் ஏறிப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பவர். அது முறைக்கிற பார்வை என்று அந்த ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். காரோடைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் பார்ப்போம். தறிச் சத்தத்தில் வளர்ந்த எங்களுக்குக் காதைவிடக் கண்ணுதான் நன்றாகக் கேட்கும், உதட்டைப் பார்த்தே முழுப் பேச்சும் பேசிவிடுவோம். நமக்கும் ஒரு விழா வேண்டும், எத்தனை நாளைக்கு அடுத்த ஊர் பெஞ்சில் உட்காருவது என்று நாச்சிமுத்து ஐந்து வருஷமாக மனுப் போட்டார். விழா என்றால் மூன்று நாளும் தறி நிற்க வேண்டும், முதலில் ஒரு மணி நேரம் நிறுத்தி மைக் வைத்துப் பார்ப்போம் என்று நகராட்சியும் ஒப்புக்கொண்டது. குடித்துவிட்டுத் தறியில் கையை விட்ட மனுஷன், அவருக்கு ஒரு ஆசை, போகட்டும் என்று ஊரும் ஒப்புக்கொண்டது.

பத்து மணிக்குத் தறிகள் நின்றன. பத்து ஐந்துக்கு அங்காளம்மன் தெருவில், ஆள் இல்லாத ஒரு தறிக்கூடத்தில், நின்றுகொண்டிருந்த தறி ஒன்று ஒரு இளம் பெண்ணின் குரலில், "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றது. அது செத்துப்போன ரங்கம்மாளின் குரல். அவருடைய கணவர், எண்பது தாண்டியவர், எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸைக் கீழே வைத்து, "எனக்குந்தான் வேண்டாம்னு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடித்து முடித்தார். அதற்குள் அடுத்த கூடத்தில், அடுத்த தெருவில், ஊர் முழுக்க, நின்ற தறிகள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்திருந்தன.

தறிக்குச் சொல்வது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். யாரிடமும் சொல்ல முடியாததைக் காரோடையில் தறிக்குச் சொல்வார்கள்; ஓடுகிற தறியின் மேல் குனிந்து, பாவு நூலில் மூச்சுப் படுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய், வாய்விட்டுச் சொல்லிவிட்டு நிமிர்ந்து வேலையைப் பார்ப்பார்கள். சத்தம் அதைத் தின்றுவிடும் என்பது நம்பிக்கை. ஒருவர் குனிந்தால் கூடத்தில் இருக்கிற மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு உதடு தெரிந்தால் போதும். தவறிப்போய்ப் பார்த்துவிட்டாலும் வெளியே சொல்லக் கூடாது, சொன்னவனை அப்புறம் எந்தக் கூடத்திலும் சேர்க்க மாட்டார்கள். சத்தம் எதையும் தின்னவில்லை, அப்படியே வைத்திருந்தது என்று அந்த வியாழக்கிழமைதான் எங்களுக்குத் தெரிந்தது.

பதினொரு மணிக்கு முதல் தறி ஓட ஆரம்பித்ததுமே ஊர் முழுக்கப் பேச்சு அடங்கிவிட்டது. ஏன் பேசின என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. எந்த வருஷம் வரைக்கும் பேசின என்றுதான் கேட்டோம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருதயராஜ் தெருத்தெருவாகப் போய் விசாரித்து, அந்த ஒரு மணி நேரத்தில் வந்தது எல்லாமே தறி வந்த முதல் வருஷத்துப் பேச்சு என்று கண்டுபிடித்தார். ஒரு மணி நேர அமைதிக்கு ஒரு வருஷத்துப் பேச்சு. விழா மூன்று நாள். முதல் நாள் காலை ஆறு மணிக்கு நிறுத்தினால் மூன்றாம் நாள் மதியத்துக்குள் போன வாரம் சொன்னதுவரை வந்துவிடும் என்று ஒரு அட்டவணை போட்டு டீக்கடைச் சுவரில் ஒட்டினார். அன்று முதல் அந்தக் கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் குறைந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. நெய்தார்கள், சாப்பிட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே மனைவி, "நீங்க எதாச்சும் சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டாள், புருஷன் இல்லை என்றான், இரண்டு பேரும் அட்டவணையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். பழைய பேச்சை மூடிவிடலாம் என்று சிலர் அதே தறியில் போய் நல்ல நல்ல பொய்யாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். அதுவும் அதனதன் நேரத்தில் தனியாக வரும் என்று வாத்தியார் சொன்ன பிறகு அதை நிறுத்தினார்கள். தறியிடம் பேசவே ஆட்கள் பயந்தார்கள். சொல்லாமல் வைத்துக்கொண்ட பேச்சு நெஞ்சில் அடைத்து, மருந்துக்கடையில் வாயு மாத்திரை கேட்டு வரிசை நின்றது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. வேண்டும் என்றவர்களில் பாதிப் பேர் பாட்டை மறந்தே போய்விட்டார்கள். செத்த அப்பன் என்ன சொன்னான், ஓடிப்போன அக்கா ஏன் போனாள் என்று கேட்க வேண்டும் அவர்களுக்கு. வேண்டாம் என்றவர்கள் காரணம் சொல்லவில்லை, இசைவிழா நம் ஊருக்கு ஆகாது, நமக்கு என்ன தெரியும் சங்கீதம், வருகிற பாடகருக்குத்தான் அவமானம் என்றார்கள். கூட்டத்தில் ஏழாவது வார்டு கவுன்சிலர் சென்னியப்பன் எழுந்து, "சங்கீதம்னா என்னனே தெரியாத ஊருல விழா எதுக்குங்க?" என்று கத்தியபோது, பின்னாலிருந்து ஒரு அம்மாள், "ரெண்டாயிரத்து ஒண்ணுல நீ என்னத்தச் சொன்ன, அதச் சொல்லு மொதல்ல!" என்று கேட்டாள். சென்னியப்பன் உட்கார்ந்துவிட்டார்.

உறுப்பினர்கள் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்று நின்றார்கள். மிச்சம் இருந்த ஒரே ஓட்டு தலைவருடையது, பாவாத்தாளுடையது.

சேர்மனம்மா என்றுதான் ஊர் அவரைக் கூப்பிடும். வயசு அறுபத்தொன்று, எட்டுத் தறிக்குச் சொந்தக்காரர், புருஷன் காலமான பிறகும் கூடத்தை மூடாமல் ஓட்டியவர், யாருக்கும் பயப்படாதவர் என்று பெயர். தீர்மானம் வருகிற நாளுக்கு முந்தைய வாரம் முழுக்க அவர் வீட்டுக்கு ஆட்கள் தனித்தனியாக வந்தார்கள். யாரும் உட்காரவில்லை, காப்பி வேண்டாம் என்றார்கள், வருஷத்தை மட்டும் சொன்னார்கள். "எம்பத்தாறுங்க சேர்மனம்மா" என்பார் ஒருவர், கண் கலங்கி நிற்பார், போய்விடுவார். "ரெண்டாயிரத்துப் பதினொண்ணு" என்பாள் ஒரு பெண், கும்பிட்டுவிட்டுப் படி இறங்குவாள். பாவாத்தாள் எல்லாருக்கும் தலையாட்டினார். தன்னுடைய வருஷத்தைச் சொல்ல அவருக்குத்தான் ஆள் இல்லை.

அவருடைய வருஷம் இரண்டாயிரத்து நான்கு. அட்டவணைப்படி இரண்டாம் நாள் பிற்பகல் இரண்டு மணி.

அப்போது அவர் கூடத்தில் எட்டுத் தறியும் ஒரே மோட்டாரில் ஓடின. கரண்ட் போய் வந்தால் மெயின் சுவிட்சைப் போடுகிறவர் முதலில் அதன்மேல் கையை வைத்து நிற்க வேண்டும். அதைப் பார்த்ததும் தறிக்காரர்கள் எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். கடைசி ஆளின் இரண்டாவது கையும் மேலே வந்த பிறகுதான் சுவிட்சை அழுத்த வேண்டும். கத்தினால் கேட்காத ஊரில் இதுதான் பாதுகாப்பு. எந்தக் கூடத்திலும் இது மாறாது. அன்றைக்கு மாறிப்போனது. வியாபாரி வாசலில் வண்டியோடு நின்றான், புருஷன் உள்ளே திட்டிக்கொண்டிருந்தார், பாவாத்தாள் சுவிட்சை அழுத்தினார், நான்காம் தறியில் அறுந்த நூலைப் பிடித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் வலது கை பெல்ட்டோடு போனது. விசாரிக்க வந்தவர்களிடம் புருஷன், "குடிச்சிருந்தானுங்க" என்றார். பாவாத்தாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் கழித்து அதே நான்காம் தறியில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். அதன் பிறகு இருபது வருஷம் தூங்கினார். நாச்சிமுத்து இருபது வருஷமாகக் குடிகாரனாக இருந்தார், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல்.

ஓட்டுப் போட வேண்டிய நாளுக்கு முதல் நாள், மத்தியான வெயிலில், பாவாத்தாள் தனியாகச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடந்து போனார். சுற்றிலும் தறிச் சத்தம். இரண்டு பேரும் குரல் எழுப்பாமல் உதட்டாலேயே பேசினார்கள். மற்றவர்கள் பார்க்காமல் இருக்கப் பாவாத்தாள் முந்தானையை முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ரெண்டாம் நாளு எங்க கூடத்துல என்ன வரப்போவுதுன்னு உன்கிட்ட முன்னாடியே சொல்லிப்போடறேன். அன்னைக்கு நீ குடிக்கல. மெயினப் போட்டது நானு. யாரு கையத் தூக்குனாங்கன்னு பாக்காமப் போட்டுட்டேன்."

நாச்சிமுத்து ஒரு சைக்கிளுக்கு டோக்கன் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்துவிட்டு, "தெரியுமுங்க அக்கா" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்து என்ற சோத்துப்போசிய எடுத்துட்டுப் போலாம்னு கூடத்துக்கு வந்தேனுங்க. நீங்க நாலாந்தறி மேல குனிஞ்சிருந்தீங்க. செவுத்தப் பாத்துத் திரும்பியிருக்கோணும். திரும்பலீங்க."

பாவாத்தாள் ஸ்டாண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இருவது வருசமா ஒரு வார்த்த கேக்கலியே நீ."

"தறிக்குச் சொன்னதப் பாத்தவன் அத எப்படிங்க வெளிய பேசறது? என்னய எவன் பக்கத்துல நிக்க விடுவான்? பாட்டுக் கேக்கோணும்னுதானுங்க விழா கேட்டேன். இது இப்படி வந்து நிக்குமுன்னு நான் கனவா கண்டேன்? வேண்டாமுன்னு சொல்லிப்போடலாம்னு ரெண்டு தடவ உங்க வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்." அவர் அடுத்த டோக்கனை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு, "என்ற சம்சாரம் பாதி நம்பிட்டேதான் செத்தாளுங்க. மக தேன்மொழி ஒவ்வொரு தடவ வாறப்பவும் பேசற சாக்குல கிட்ட வந்து என்ற வாய மோந்து பாக்குறா. பெத்த புள்ளைங்க" என்றார்.

"அப்ப நான் வேணும்னுதான் ஓட்டுப் போடோணுமா?"

"அது உங்க ஓட்டுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். நீங்க இப்ப எனக்குச் சொன்னதும், அன்னைக்குத் தறிக்குச் சொன்னதும் ஒண்ணில்லீங்க."

"வேற என்னத்தச் சொன்னேன்?"

"அத நான் சொல்லப்படாதுங்க."

பாவாத்தாள் வீடுவரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார். சாப்பிடாமல் யோசித்தார், கூடத்தில் போய் நான்காம் தறிக்கு முன்னால் நின்று யோசித்தார். பாக்காமப் போட்டுட்டேன் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை; இருபது வருஷமாகத் தனக்குள் அவர் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் போய், தனக்கே தெரியவில்லையே என்ற பயம் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது பயம் முதலாவதைவிடப் பெரியது. மறுநாள் கூட்டத்தில் அவர் எழுந்து, "விழா நடக்கட்டும்" என்றார். கைதட்டல் இல்லை, கூச்சல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காரோடை நின்றது. ஊரில் ஒரே ஒரு தறி ஓடினாலும் எல்லாப் பேச்சும் அடங்கிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும், அதாவது காரோடையில் யார் வேண்டுமானாலும் ஒரு சுவிட்சை அழுத்தி அந்த மூன்று நாளை நிறுத்தியிருக்கலாம், ஆறாயிரம் தறிக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், விரல் அரித்தது, ஒருவரும் அழுத்தவில்லை, ஏன் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. முதல் நாள் செத்தவர்கள் பேசினார்கள். அது பரவாயில்லை, அழுதுவிட்டுச் சாப்பிட்டோம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, வெளியூரிலிருந்து வந்த பாடகி பாடிக்கொண்டிருந்தார். இவ்வளவு நிசப்தமான சபையைப் பார்த்ததே இல்லை என்று அவர் மைக்கில் சொன்னபோது, பந்தலில் இருந்த முந்நூறு பேரும் காதை வேறு பக்கம் வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். இரண்டாம் நாள் காலை உயிரோடு இருக்கிறவர்களின் முறை வந்தது. கிழக்குத் தெருவில் அண்ணனும் தம்பியும் கட்டிப் புரண்டார்கள். மேட்டுத் தெருவில் ஒருவர் வேட்டி சட்டையை மூட்டை கட்டிக்கொண்டு, யாரும் போகச் சொல்லாமலே, பஸ் ஏறிப் போனார். பதினொரு மணிக்குச் சென்னியப்பனின் தங்கை வீட்டில் இருந்து வந்த அழுகையைப் பாடகியும் கேட்டார், கேட்டுவிட்டு ராகத்தை முடித்துக்கொண்டார்.

ஒன்றரை மணிக்குப் பாவாத்தாளின் கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். பழைய தறிக்காரர்கள் தத்தம் தறிக்குப் பக்கத்தில் பழக்க தோஷத்தில் நின்றுகொண்டார்கள். நாச்சிமுத்து நான்காம் தறிக்குப் பக்கத்தில். அவருக்கு அருகே தேன்மொழி. எதற்கு வரச் சொன்னார் என்று தெரியாமல், வந்ததும் அப்பாவின் வாயை ஒரு தடவை மோந்துவிட்டு நின்றாள். பாவாத்தாள் சுவர் ஓரமாக, மெயின் சுவிட்சுக்குக் கீழே.

இரண்டு மணிக்கு இரண்டாயிரத்து நான்கு ஆரம்பித்தது. ஆறாம் தறி, ஒருவன் மாமியாரைப் பற்றிச் சொன்னதைச் சொல்லிற்று. யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். இரண்டாம் தறி ஒரு பெண்ணின் விசும்பலை மட்டும் வெளியே விட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இரண்டு இருபதுக்கு நான்காம் தறியில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. பாவாத்தாளுக்கு அது தன் மூச்சு என்று தெரிந்தது. அந்த மூச்சைக் கேட்ட உடனே, இருபது வருஷமாக ஞாபகம் வராதது மொத்தமும் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் கை தானாக மேலே போய் மெயின் சுவிட்சின் மேல் உட்கார்ந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும், எட்டுத் தறியும் ஓடும், ஊர் முழுக்க அடங்கிவிடும்.

சுவிட்சின் மேல் கையைப் பார்த்ததும் கூடத்தில் நின்ற அத்தனை பேரும், யோசிக்காமல், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்கள். நெய்தே வளர்ந்த உடம்பு அப்படித்தான் செய்யும். நாச்சிமுத்துவும் தூக்கினார். அவருக்கு இருந்த ஒரு கையை.

பாவாத்தாள் அந்தக் கையைப் பார்த்தார். கடைசி ஆளின் இரண்டாவது கை வரும்வரை அழுத்தக் கூடாது. அவர் நின்றார். வெளியே பந்தலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் நின்றார்.

"அவன் குடிக்கல" என்றது நான்காம் தறி, நாற்பத்தொரு வயசுப் பாவாத்தாளின் குரலில், அழுதுகொண்டு, அவசர அவசரமாக. "அவரு குடிச்சிருந்தான்னு சொல்றப்ப நான் பக்கத்துலயே நின்னேன். நான் பாத்தேன். பாக்காம ஒண்ணும் போடல. ஒரு கையத் தூக்கியிருந்தான். இன்னொரு கை உள்ள இருக்குதுன்னு எனக்குத் தெரியும். எடுத்துருவான்னு நெனச்சேன். வண்டிக்காரன் நிக்கறானேன்னு போட்டுட்டேன். பாத்துட்டுத்தான் போட்டேன்."

அவ்வளவுதான். தறி அடங்கியது. கூடத்தில் யாரும் கையை இறக்கவில்லை, ஏனென்றால் சுவிட்சில் கை இருக்கும்வரை இறக்கக் கூடாது.

பாவாத்தாள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். எடுத்து, என்ன செய்வது என்று தெரியாமல், அதைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஆமா" என்றார், வாய்விட்டு, ஊரில் தறிச் சத்தமே இல்லாத அந்த நேரத்தில் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. எல்லாரும் கையை இறக்கினார்கள்.

நாச்சிமுத்து மட்டும் இறக்கவில்லை. பிறந்ததிலிருந்து பேச்சைக் கண்ணால் கேட்ட அந்த மனுஷன், அன்று உதட்டில் பார்த்ததை இன்று காதால் கேட்பதற்காகக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார், அதனால் பாவாத்தாள் கையை எடுத்தது அவருக்குத் தெரியவில்லை. தேன்மொழிதான் பக்கத்தில் போய், அவர் வாய்ப்பக்கம் முகத்தைக் கொண்டுபோகாமல், அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.